முன்பல் ஒன்று இல்லை, ஆவணியில் திருமணம்: பாலமா, இம்ப்ளான்ட்டா, வேறு வழி இருக்கிறதா?

வடகடலான், தங்கச்சிமடம் | 11 பிப்ரவரி 2025

நெடுநாளாக இங்கே படித்துவிட்டுப் பேசாமல் போகிறவன் நான். இன்று எழுத வேண்டிய நிலை வந்துவிட்டது.

வயது 27. மேல் வரிசையில் இடப்பக்கம், நடுப்பல்லுக்கும் கோரைப்பல்லுக்கும் இடையே ஒரு பல் இல்லை. பத்தொன்பது வயதில் மாமாவின் வள்ளத்தில் என்ஜினைக் கைப்பிடி போட்டுச் சுழற்றியபோது அது திருப்பி உதைத்தது. வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பல் எங்கே போனது என்று யாரும் பார்க்கவில்லை. அன்றைக்கு மீன்பாடும் இல்லை. மாமாவுக்கு என் வாயைவிட என்ஜின் மேல்தான் கவலை.

அதன் பிறகு கழற்றி மாட்டுகிற பல் செய்துகொண்டேன். முதலாவது, ஒரு தும்மலில் கடலுக்குப் போனது. இரண்டாவது, நல்ல காற்று நாளில் வாந்தியோடு போனது. இப்போது வாயில் இருப்பது மூன்றாவது. அதன் அண்ணத் தட்டில் விரிசல் விட்டிருக்கிறது. இரவில் கழற்றித் தம்ளரில் போட்டால் அக்காள் மகன் எடுத்து விளையாடுகிறான்.

ஆவணியில் திருமணம். நிச்சயம் முடிந்துவிட்டது. பெண்ணுக்கு இந்தப் பல் சங்கதி தெரியாது. இராமநாதபுரத்தில் ஒரு கிளினிக்கில் கேட்டேன். இரண்டு பக்கத்துப் பற்களையும் ராவி, மூன்று பல் சேர்ந்த பாலத்தைப் பத்தே நாளில் மாட்டிவிடலாம் என்றார்கள். இன்னோரிடத்தில் இம்ப்ளான்ட், அதாவது எலும்பில் திருகாணி வைத்து அதன் மேல் பல் மாட்டுவது, அதைத் தவிர எதுவும் செய்யாதே என்றார்கள். 35,000 என்றதும் எழுந்து வந்துவிட்டேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகு கரையில்தான் நிற்கும். அதற்குள் எதை முடிக்கலாம்?

எனக்கு வேண்டியது விளம்பரத்தில் வருகிற மாதிரி வெள்ளைவெளேர் என்ற பல்வரிசை. பழமொழி சொல்ல நினைப்பவர்கள் பொறுத்துக்கொள்ளவும். பல் போனதிலிருந்து அது ஒன்றைத்தான் ஊரில் எல்லோரும் எனக்கு இலவசமாகத் தருகிறார்கள்.

உச்சிப்புளி மதினி | 11 பிப்ரவரி 2025

தம்பி, பல்லைப் பற்றி மற்றவர்கள் சொல்வார்கள். நான் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தப் பெண்ணிடம் ஏன் சொல்லவில்லை? திருமணத்துக்கு மறுநாள் காலையில் தம்ளரைப் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்றா? எனக்கு அப்படித்தான் நடந்தது. என் வீட்டுக்காரருக்கு இரண்டு கடைவாய்ப் பற்கள் கட்டுப்பல். நான் அலறிய அலறலில் மாமியார் விளக்கைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். பல்லுக்காக நான் வருத்தப்படவில்லை. மறைத்ததற்காக ஆறு மாதம் பேசாமல் இருந்தேன்.

கீழக்கரை காக்கா | 12 பிப்ரவரி 2025

பாம்பனுக்குப் பக்கத்தில் பிறந்துவிட்டுப் பாலத்துக்குப் பயப்படலாமா?

எனக்குப் பாலம் போட்டு 14 ஆண்டு ஆகிறது. மேலே முன்பக்கம், உலோகத்தின் மேல் பீங்கான் பூசியது. கறி, மாசி, கணவாய் எதையும் விட்டுவைக்கவில்லை. தொதல், எங்கள் ஊரின் ஒட்டுகிற இனிப்பு, அது ஒன்றுதான் ஆபத்து. பாலம் தயாராகும்வரை தற்காலிகமாக ஒரு பிளாஸ்டிக் உறை மாட்டி அனுப்பியிருந்தார்கள். அன்றைக்குப் பார்த்து வீட்டில் தொதல் கிண்டியிருந்தார்கள். ஒரு துண்டுதான் வாயில் போட்டேன். உறை தொதலோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. மறுபடி டாக்டரிடம் போய், என்ன நடந்தது என்று சொல்ல வெட்கப்பட்டு, தேங்காய்ச் சில்லு என்று பொய் சொன்னேன்.

இப்போது பீங்கானுக்கும் ஈற்றுக்கும் நடுவே ஒரு கருங்கோடு தெரிகிறது. என் வயதில் அதை யார் பார்க்கப்போகிறார்கள்? உனக்கு 27. யோசித்துச் செய்.

பெரியபட்டினத்தான், துபாய் | 12 பிப்ரவரி 2025

நான் இம்ப்ளான்ட் போட்டவன். கீழ்க் கடைவாய்ப் பல். ஒரு விடுப்பில் ஊருக்கு வந்து எலும்பில் திருகாணியை வைத்துக்கொண்டேன். அடுத்த விடுப்பில் மேலே பல்லை மாட்டினார்கள். நடுவில் ஓராண்டு. டாக்டர் கேட்டதோ மூன்று நான்கு மாதம்தான், என் முதலாளி விடவில்லை.

வலி பெரிதாக இல்லை. பல் பிடுங்கும்போது இருந்ததைவிடக் குறைவு. ஆனால் நான் சிகரெட்டை விடவில்லை. மூன்றாவது ஆண்டு அந்த இடத்தில் ஈறு வீங்கிச் சீழ் வந்தது. சுத்தம் செய்து காப்பாற்றினார்கள், எலும்பு கொஞ்சம் போய்விட்டது. திருகாணி சொத்தை ஆகாது என்று நிம்மதியாக இருந்தேன். அதைச் சுற்றியிருக்கும் ஈறும் எலும்பும் என்னுடையவைதானே. புகைப்பிடிக்கிறீர்களா, வடகடலான்? உண்மையைச் சொல்லுங்கள்.

வடகடலான் | 12 பிப்ரவரி 2025

பீடி சிகரெட் இல்லை. வெற்றிலை எப்போதாவது. தங்கூஸை, அதாவது தூண்டில் நைலான் நரம்பை, பல்லால் கடித்து அறுக்கிற பழக்கம் உண்டு, அது கணக்கில் வருமா?

மதினி, உங்கள் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

வைகைக்கரைப் பல்வைத்தியர், பரமக்குடி | 13 பிப்ரவரி 2025

வாயைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் டாக்டரிடம் போகும்போது என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போவது நல்லது.

காக்கா பாம்பனை இழுத்துவிட்டார், அதிலிருந்தே தொடங்குகிறேன். பாலம் நிற்பது தூண்களின் மேல். நம் வாயில் போடும் பாலத்துக்குத் தூண்கள் உங்கள் சொந்தப் பற்கள். அவற்றின் மேல் உறை உட்கார வேண்டும் என்பதால் சுற்றிலும் எனாமலைச் சீவி எடுக்க வேண்டும். சீவிய எனாமல் திரும்ப முளைக்காது. பக்கத்துப் பற்களில் ஏற்கெனவே பெரிய அடைப்போ உறையோ இருந்தால், பாலம் ஒரே வேலையில் மூன்றையும் சரிசெய்துவிடும். அந்த நிலையில் நானே பாலம்தான் போடுவேன். இரண்டும் பழுதில்லாத பற்கள், வயது 27 என்றால் கை தயங்கும். 1914-இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில் உப்புக்காற்று அரித்து, 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். வாயில் அந்த அரிப்பு உறையின் விளிம்புக்கு அடியில் நடக்கும். வெளியே தெரியாது. தூண்பல் உள்ளே சொத்தையாகி, வேர் சிகிச்சை வரை போய், அதுவும் போனால் அடுத்த பாலம் ஐந்து பல்லுக்கு. காக்காவின் 14 ஆண்டு நல்ல கணக்கு. ஆனால் தம்பி இன்னும் 50 ஆண்டு சிரிக்க வேண்டியிருக்கிறது.

இம்ப்ளான்ட் என்பது பழைய தூண்களைத் தொடாமல் புதுத் தூண் ஊன்றுவது. டைட்டானியத்தை எலும்பு அன்னியமாக நினைக்காமல் அணைத்துக்கொள்ளும். சுவீடனில் பிரானமார்க் என்ற ஆய்வாளர் முயல் எலும்பில் இதைக் கண்டுகொண்டு, 1965-இல் முதல் மனிதருக்கு வைத்தார். நல்ல வழிதான். ஆனால் தூண் ஊன்றத் தரை வேண்டுமே. பல் போன இடத்தில் தாடை எலும்பு வேலையில்லாமல் கரையும், அதுவும் முதல் ஓராண்டில்தான் வேகமாக. உங்களுக்கு எட்டு ஆண்டு. உதட்டுப் பக்கம் விரலை வைத்துத் தடவிப் பாருங்கள், அந்த இடம் குழிந்திருக்கும். கோன் பீம் ஸ்கேன் எடுத்தால் எலும்பின் அகலம் மில்லிமீட்டர் கணக்கில் தெரியும். போதாவிட்டால் எலும்புத்தூள் வைத்துக் கட்டி, அது இறுக நாலைந்து மாதம், பிறகு திருகாணி, அது பிடிக்க மூன்று நான்கு மாதம். ஆவணி தாண்டிவிடும்.

மூன்றாவது வழி ஒன்று உண்டு. இரண்டு கிளினிக்கிலும் ஏன் சொல்லவில்லை என்று தெரியவில்லை. மேரிலாந்து பாலம் என்பார்கள். பொய்ப்பல்லின் ஒரு பக்கத்தில் மெல்லிய இறக்கை இருக்கும். அதைப் பக்கத்துப் பல்லின் முதுகில், நாக்குப் பக்கமாக, பிசினால் ஒட்டிவிடுவார்கள். முன்பிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. பல்லைச் சீவுவது இல்லை, அல்லது மிகக் குறைவு. முன்பு இரண்டு பக்கமும் இறக்கை வைத்தார்கள். அதில் ஒரு சிக்கல். ஒரு பக்கம் ஒட்டு விட்டாலும் மறுபக்கம் பிடித்துக்கொண்டிருப்பதால் நோயாளிக்குத் தெரியாது, விட்ட பக்கம் சொத்தையாகும். அதனால் முன்பற்களுக்கு இப்போது ஒற்றை இறக்கையே மேல் என்கிறோம். ஒட்டு விட்டால் பல் கையோடு வந்துவிடும். கழுவி எடுத்துக்கொண்டு வந்தால் மறுபடி ஒட்டிக்கொடுப்போம்.

நீங்கள் சொல்கிற இடம், நடுப்பல்லுக்கு அடுத்த சிறிய பல், இதற்கு மிகவும் தோதானது. ஆனால் கீழ்ப்பற்கள் வந்து இடிக்காமல் மேல்பல்லின் முதுகில் இறக்கைக்கு இடம் இருக்க வேண்டும். அதைக் கடித்துக் காட்டித்தான் தெரிந்துகொள்ள முடியும்.

தங்கூஸ் கணக்கில் வரும். எதை ஒட்டினாலும் முதல் வாரத்திலேயே பிய்த்துக்கொண்டு வந்து நிற்பீர்கள்.

சந்தைக்கடை | 13 பிப்ரவரி 2025

இவ்வளவு எதற்கு? எங்கள் ஊர்த் திருவிழாவில் ஒருவர் பெட்டியோடு உட்கார்ந்து பல் கட்டுவார். அரை மணி நேரம், ஆயிரம் ரூபாய், கழற்றவே வேண்டாம்.

வைகைக்கரைப் பல்வைத்தியர் | 13 பிப்ரவரி 2025

கழற்ற முடியாது என்பது உண்மை. அதைக் கழற்றுகிற வேலை எனக்குத்தான் வரும். கம்பியைப் பக்கத்துப் பற்களில் சுற்றி, மேலே பிளாஸ்டிக் மாவைக் குழைத்து அப்பிவிடுவார்கள். கீழே ஈறு அழுகும். சென்ற மாதம் ஒரு பாட்டி வந்தார். ஒரு பல்லுக்காகக் கட்டிக்கொண்டது, நான் எடுத்தபோது மூன்று பற்கள் சேர்ந்து ஆடின. 1948-ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டப்படி பதிவில்லாதவர் பல் வைத்தியம் செய்வதே குற்றம். காசில்லை என்பதுதான் காரணம் என்றால் அரசு மருத்துவமனையின் பல் பிரிவுக்குப் போங்கள். புதுக்கோட்டையில் 2023-இல் அரசு பல் மருத்துவக் கல்லூரியே திறந்திருக்கிறார்கள். தொண்டிப் பக்கத்தாருக்கு அது தொலைவும் இல்லை.

முக்குளிப்பான், ஏர்வாடி | 15 பிப்ரவரி 2025

சங்கு எடுக்கிறவர்கள் சார்பில் ஒரு சொல். கழற்றி மாட்டுகிற பல்லோடு தண்ணீருக்குள் இறங்கவே கூடாது. எங்கள் ஆள் ஒருவர் மூச்சடக்கி மேலே வந்து வாயைத் திறந்து காற்றை இழுத்தார். பல் தொண்டைக்குள் போய் நின்றது. முதுகில் அறைந்து வெளியே எடுத்தோம். அன்று முதல் அவர் இறங்குமுன் பல்லைக் கழற்றி மடிப்பெட்டியில் வைத்துவிடுகிறார்.

இன்னொன்று. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல் இரண்டு மடங்கு. அடைப்புக்கு அடியில் துளி காற்று சிக்கியிருந்தாலும் பல் வெடிப்பது போல வலிக்கும். எனக்கு ஒரு முறை இறங்கும்போதே கண்ணீர் வந்துவிட்டது. கடலுக்குள் கண்ணீர் வந்தால் யாருக்குத் தெரியும். டாக்டரிடம் கடலில் இறங்குகிறவன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

தொண்டி டீச்சர் | 16 பிப்ரவரி 2025

முப்பது ஆண்டாகத் தமிழ் சொல்லித்தருகிறேன், என் பங்குக்கு. முன்பல் அழகுக்கு மட்டும் என்று நினைக்கிறார்கள். மேல்பல்லும் கீழுதடும் சேர்ந்தால்தான் வகரம் பிறக்கும். நாக்கு நுனி மேல்பல்லின் அடியில் படர்ந்தால்தான் தகரமும் நகரமும். நம் இலக்கணக்காரர்கள் வாய்க்குள் விளக்கைப் பிடித்துப் பார்த்தவர்கள் போல எழுதிவைத்திருக்கிறார்கள். ஓர் இடைவெளி இருந்தால் காற்று அந்த வழியே ஓடிச் சகரம் சீட்டியடிக்கும். என் வகுப்பில் ஒரு பையன் அதனாலேயே வாசிக்க எழுந்திருக்க மாட்டான்.

பிள்ளைகள் விழுந்து பல் முழுதாக வந்துவிட்டால் என்ன செய்வது என்று பெற்றோர் எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள். நிலைப்பல்லாக இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். வேரைத் தொடாமல் மேற்பகுதியைப் பிடித்து எடுங்கள். தேய்த்துக் கழுவ வேண்டாம். முடிந்தால் அதே குழியில் வைத்துத் துணியைக் கடிக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பாலில் போட்டு ஒரு மணி நேரத்துக்குள் பல் டாக்டரிடம் ஓடுங்கள். எங்கள் பள்ளியில் ஒரு சிறுமியின் பல்லை டீக்கடைப் பாலில் போட்டுத்தான் கொண்டுபோனோம். அது இன்றும் நிற்கிறது. பால்பல் என்றால் மட்டும் திரும்ப வைக்கக் கூடாது.

வடகடலான் | 16 பிப்ரவரி 2025

டீச்சர், இதை எட்டு ஆண்டுக்கு முன் யாராவது எங்கள் வள்ளத்தில் சொல்லியிருக்கலாம். என் பல் அடித்தட்டில் எங்கோ சங்காயத்தோடு, அந்தக் கழிவு மீன்களோடு, கிடந்திருக்கும்.

வடகடலான் | 19 ஏப்ரல் 2025

தடைக்காலம் தொடங்கிவிட்டது. 6-ஆம் தேதி புதுப் பாம்பன் பாலம் திறந்து ரயில் மறுபடி ஓடுவதால், மதுரைக்கு ரயிலில் போய் ஒரு பல் டாக்டரம்மாவிடம் காட்டிவிட்டு வந்தேன். பாலத்தைக் கடக்கும்போது காக்காவையும் டாக்டரையும் நினைத்துக்கொண்டேன்.

ஸ்கேன் எடுத்தார்கள். பரமக்குடி டாக்டர் இங்கே சொன்னபடியேதான். எலும்பின் அகலம் நான்கு மில்லிமீட்டர்கூட இல்லை. பல் இடைவெளியும் கொஞ்சம் சுருங்கியிருக்கிறது, கோரைப்பல் உள்ளே சாய்ந்துகொண்டு வருகிறதாம். கழற்றுகிற பல்லை மாட்டிக்கொண்டிருந்ததால்தான் இந்த அளவுக்காவது இடம் மிஞ்சியது என்றார்கள். இம்ப்ளான்ட் வேண்டுமென்றால் எலும்பு கட்டி, மொத்தம் ஓராண்டு. தொகையும் கூடும்.

மேரிலாந்து பாலம் போட முடியுமா என்று நானே கேட்டேன். அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். "யார் சொல்லிக்கொடுத்தது?" என்றார். கடித்துக் காட்டச் சொல்லி, சிவப்புத் தாள் வைத்துப் பார்த்து, நடுப்பல்லின் முதுகில் இடம் இருக்கிறது, போடலாம் என்றார். சிர்கோனியா என்கிற உறுதியான பீங்கான் வகையில் செய்ய 14,000. பிறகு எப்போதாவது இம்ப்ளான்ட் வேண்டும் என்றாலும் கதவு மூடாது, நடுப்பல் அப்படியே இருக்கும் என்றார். அந்தப் பேச்சுக்கே முன்பணம் கொடுத்துவிட்டேன்.

ஒரு சிக்கல். என் பற்களில் பழுப்புக் கறை உண்டு. சிறுவயதில் அம்மாச்சி ஊரில் ஆழ்குழாய்த் தண்ணீர் குடித்து வளர்ந்தவன். நடுப்பற்கள் இரண்டிலும் குறுக்கே ஒரு பழுப்புக் கோடு ஓடுகிறது. எல்லாவற்றையும் வெளுத்துவிட்டு, புதுப்பல்லையும் வெள்ளையாகச் செய்யச் சொல்லட்டுமா?

வைகைக்கரைப் பல்வைத்தியர் | 20 ஏப்ரல் 2025

பல் உருவாகும் வயதில் தண்ணீரில் ஃபுளோரைடு மிகுந்தால் வருகிற கறை அது. குடிநீரில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்வரை இருக்கலாம், வேறு நீரே இல்லாத இடத்தில் 1.5வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தரக் கணக்கு. காவிரிக் கூட்டுக் குடிநீர் வருமுன் இங்கே ஊரணியும் ஆழ்குழாயும்தானே கதி. தேய்த்தால் போகாது, எனாமலுக்குள்ளேயே இருக்கிறது.

வெளுப்பதென்றால் அதை முதலில் செய்ய வேண்டும். அச்செடுத்த தட்டில் மருந்து வைத்து இரவில் போட்டுக்கொண்டால் இரண்டு வாரத்தில் வெளுக்கும். பழுப்புக் கோடு மங்குமே தவிர முழுக்கப் போகும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். அது முடிந்து இரண்டு வாரம் விட்டுத்தான் நிறம் பார்க்கவும் ஒட்டவும் வேண்டும், உடனே ஒட்டினால் பிசின் சரியாகப் பிடிக்காது. பொய்ப்பல் எந்த மருந்துக்கும் வெளுக்காது. இன்று வெள்ளைக்குப் பொருத்திச் செய்துவிட்டு, இரண்டு ஆண்டில் மற்றவை பழைய நிறத்துக்குத் திரும்பினால், புதுப்பல் மட்டும் சுண்ணாம்பு அடித்த சுவர்போலத் தனியே நிற்கும்.

நிறம் பார்க்கும் நாளில் இரண்டு விஷயம். ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில் பார்க்கச் சொல்லுங்கள். உட்கார்ந்தவுடன் பார்க்கச் சொல்லுங்கள். வாயைத் திறந்தபடி கால் மணி நேரம் இருந்தால் பல் காய்ந்து, உள்ளதைவிட வெள்ளையாகக் காட்டும். பல் மாதிரிகள் கோத்த நிறப்பட்டை ஒன்று எல்லோரிடமும் இருக்கும். வழக்கமானதில் 16 நிறங்கள். நம் பக்கத்து ஆட்களுக்குப் பெரும்பாலும் ஏ வரிசையிலேயே, அதாவது செம்பழுப்புச் சாயல் உள்ள வரிசையிலேயே, வந்து நிற்கும். விளம்பர வெள்ளை அந்தப் பட்டையிலேயே இல்லை.

உச்சிப்புளி மதினி | 20 ஏப்ரல் 2025

பல் கதை நன்றாகப் போகிறது. அந்தப் பெண்ணிடம் சொன்னாயா இல்லையா?

வடகடலான் | 4 மே 2025

சொல்லிவிட்டேன், மதினி. தொலைபேசியில்தான். நேரில் சொல்லத் துணிவில்லை. பேச்சைத் தொடங்கி, இழுத்து, கடைசியில் "எனக்கு மேலே ஒரு பல் சொந்தப்பல் இல்லை" என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நிச்சயதார்த்த வீடியோவை நான்கு முறை பார்த்தேன். மூன்று மணி நேரத்தில் நீங்கள் இரண்டு முறைதான் சிரித்தீர்கள். இரண்டு முறையும் கை வாய்க்குப் போனது. என்னைப் பிடிக்கவில்லையோ என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பல்லா?" என்றாள்.

இரண்டரை மாதமாக அவள் அப்படி நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். அதற்கு மேல் எனக்குப் பேச வரவில்லை.

வெளுக்கிற விஷயத்தையும் கேட்டேன். "அந்தக் கோடு இல்லாவிட்டால் வேறு யாரோ மாதிரி இருப்பீர்கள், வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள்.

பெரியபட்டினத்தான், துபாய் | 4 மே 2025

கெட்டிக்காரப் பெண். வெளுக்கிற காசைச் சேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வடகடலான் | 9 ஜூன் 2025

தடைக்காலம் முடிய ஐந்து நாள் இருக்கையில் பல் வந்து சேர்ந்தது. மொத்தம் நான்கு முறை மதுரை.

முதல் நாளே ஜன்னல் பக்கம் நாற்காலியைத் திருப்பச் சொன்னேன். உதவியாளர்கள் சிரித்தார்கள், டாக்டர் சிரிக்கவில்லை, திருப்பினார். நிறம் ஏ-3. பிறகு என் பழைய கழற்றுகிற பல்லின் அடியில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிசின் சேர்த்து ஈற்றை அழுத்தி, சிறிய பள்ளம் உண்டாக்கினார். புதுப்பல் ஈற்றின் மேல் வைத்த மாதிரி இல்லாமல் ஈற்றுக்குள்ளிருந்து முளைத்த மாதிரி தெரிவதற்காம். நான் எதிர்பார்க்காத வேலை இது. பாதி அழகு அங்கேதான் இருக்கிறது என்று இப்போது புரிகிறது.

லேபிலிருந்து வந்த பல்லை ஒட்டாமல் வைத்துக் காட்டினார்கள். நிறம் சரி, உருவம் சரி, ஆனால் ஏதோ பொய் தெரிந்தது. மாசு மருவில்லாமல் பளிங்குபோல இருந்தது. என் வாய்க்குள் விருந்தாளி வந்த மாதிரி. டாக்டரிடம், "பக்கத்துப் பல்லில் இருக்கிற கோட்டை இதிலும் போட முடியுமா?" என்று கேட்டேன். விளம்பர வெள்ளை வேண்டும் என்று பிப்ரவரியில் இங்கே எழுதியவன் நான்தான். அவர் படம் எடுத்து அனுப்பினார். ஒரு வாரத்தில் மெல்லிய பழுப்புக் கோடு வரைந்து, சூளையில் சுட்டுத் திரும்பி வந்தது. லேபில் வேலை செய்கிறவர், 'கறையை மறைக்கச் சொல்லித்தான் எல்லோரும் கேட்பார்கள், போடச் சொல்லிக் கேட்டவர் நீங்கள்தான்' என்று ஒரு சீட்டு எழுதி வைத்திருந்தார்.

ஒட்டுவதற்குமுன் நடுப்பல்லைச் சுற்றி ரப்பர் திரை கட்டி, எச்சில் படாமல் காய வைத்து, நீல நிறத்தில் ஏதோ அமிலம் தடவி, கழுவி, மறுபடி காய வைத்து ஒட்டினார்கள். ஒரு மணி நேரம். ஊசிகூட இல்லை.

எச்சரிக்கைகள்: பனங்கிழங்கைக் கடித்து இழுக்கக் கூடாது. கரும்பு கூடாது. நண்டுக்காலைப் பல்லால் உடைக்கக் கூடாது. தங்கூஸ் கூடவே கூடாது. அடியில் நூல் விட்டு நாள்தோறும் சுத்தம் செய்ய வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை வந்து காட்ட வேண்டும்.

கீழக்கரை காக்கா | 9 ஜூன் 2025

தொதலை விட்டுவிட்டார் பார். நான் சேர்க்கிறேன். தொதல் கூடாது.

வைகைக்கரைப் பல்வைத்தியர் | 10 ஜூன் 2025

ஈற்றைச் செதுக்கிய அந்த டாக்டருக்கு என் வணக்கம். ஒட்டு விட்டுப் பல் கையில் வந்தால் பயப்படாமல் சின்ன டப்பாவில் போட்டு எடுத்துப் போங்கள். கடைப் பசை வைத்து நீங்களே ஒட்டாதீர்கள். சிரிக்க வேண்டாம், மாதம் ஒருவர் அப்படி வருகிறார்.

முக்குளிப்பான், ஏர்வாடி | 14 செப்டம்பர் 2025

திருமணம் முடிந்திருக்குமே. சத்தமே காணோம். பல் நிற்கிறதா? தங்கூஸை இப்போது எதால் அறுக்கிறாய்?

வடகடலான் | 18 செப்டம்பர் 2025

நிற்கிறது, அண்ணே. திருமணம் நல்லபடியாக முடிந்தது. ஆல்பம் வந்துவிட்டது. அதில் நான் வாயை மூடியிருக்கிற படமே நாலைந்துதான், அதுவும் தாலி கட்டும்போது. எந்தப் பல் என்று மனைவியின் அண்ணன் கேட்டார். மூன்று முறை தப்பாகக் காட்டினார்.

தங்கூஸ் அறுக்க மாமா ஒரு சின்னக் கத்தியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிவிட்டார். கழற்றினால் திட்டு விழும். அந்தப் பழைய என்ஜினையும் போன மாதம் எடைக்குப் போட்டுவிட்டார். அன்றைக்குச் சாப்பிடும்போது அவராகவே சொன்னார். என் பல் விழுந்த இரவில், எல்லோரும் தூங்கிய பிறகு, டார்ச்சை எடுத்துக்கொண்டு போய் வள்ளத்தின் அடித்தட்டை முழுக்கத் தேடினாராம்.

கிடைத்ததா என்று கேட்டேன்.

கிடைத்ததாம். என்ன செய்வதென்று தெரியாமல் சாணத்தில் பொதிந்து எங்கள் வீட்டுக் கூரைமேல் எறிந்துவிட்டாராம், பால்பல்லுக்குச் செய்கிற மாதிரி.